பச்சை நரம்பு

எங்கள் பக்கத்தில் தோலுக்கு அடியில் பச்சையாக ஓடுவது எல்லாமே நரம்புதான். ரத்தம் எடுக்க வரும் சிஸ்டர் "நரம்பு கிடைக்கலையே, கையை நல்லா மூடித் திறங்க" என்பார். குளுக்கோஸ் ஏற்றிய இடம் தடித்தால் "நரம்பு வீங்கிடுச்சு". கோபத்தில் கழுத்தில் புடைப்பதும் நரம்பு, கெண்டைச் சதையில் மண்புழு மாதிரி நெளிந்து கிடப்பதும் நரம்பு. "அவருக்கு நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றால் ஊரில் எல்லாருக்கும் புரியும்.

இந்த ஒரு சொல்லால் எனக்கு இரண்டு வருஷம் போயிற்று. கால் கனக்கிறது, ராத்திரி குரக்களி பிடிக்கிறது என்றதும் "நரம்புத் தளர்ச்சிதான்" என்றார்கள். மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கித் தின்றேன். பிறகு நரம்பு டாக்டரைத் தேடிப் போனேன். அவர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், பாதத்தில் குத்திப் பார்த்தார். "உங்க நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று பேன்ட்டை முட்டிவரை சுருட்டச் சொன்னவர், காலைப் பார்த்துவிட்டு, "இது ரத்தக்குழாய் சமாச்சாரம். நீங்க ஜி.ஹெச்ல வாஸ்குலர் போகணும்" என்றார்.

அன்றைக்குத்தான் வித்தியாசம் பிடிபட்டது. நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் சேதி கொண்டுபோகும் கம்பி. அதில் ரத்தம் ஓடாது. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. போன ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் குழாய் சிரை. நாம் பச்சை நரம்பு என்று காட்டுவது இந்தச் சிரையைத்தான். அதற்குள் ஓடும் ரத்தம் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, கருஞ்சிவப்பு. வெளிச்சம் தோலுக்குள் போய்த் திரும்பி வரும் விதத்தில் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துத்தான் இருக்கிறோம், படத்தில் சிவப்பும் நீலமும் தீட்டியும் இருக்கிறோம். ஆனால் நம் காலில் வந்தபோது அது நரம்பாகிவிடுகிறது.

என் வேலையைச் சொல்ல வேண்டும். தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருக்கிறேன். கம்பெனி பேர் வேண்டாம். இங்கே நான் எழுதுவது ஒரு கம்பெனியைப் பற்றி இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஸ்ரீசிட்டி வரைக்கும் லட்சம் கால்கள் இப்படித்தான் நிற்கின்றன. மஞ்சள் கோடு போட்ட தரையில் என் இடம் நாலடிக்கு மூன்றடி. பொருள் என்னைத் தேடி வரும், நான் பொருளைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு ஷிப்டுக்கு இரண்டு டீ, ஒரு சாப்பாடு. மீதி நேரம் நிற்பது. இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவுக்குள் கால் அசைவதே தெரியாது.

முதலில் தெரிந்தது சாக்ஸ் தடம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே வளையம் மாதிரி ஒரு பள்ளம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும். காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது. அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது, நான்காவது வருஷத்தில் முட்டிக்குக் கீழே உள்பக்கம் பச்சை பச்சையாகத் தடித்து, கொடி மாதிரிப் படர்ந்தது.

அம்மா ஒருநாள் அதைத் தடவிப் பார்த்து, "இன்னா நைனா இது, என் கால்லகூட இப்படி இல்லையே" என்றாள்.

அம்மா சொன்னது என்னை உலுக்கியது. ஏனென்றால் நான் நிற்கிற இதே மண்ணில்தான் அவள் முப்பது வருஷம் மாடு மேய்த்தாள். சிப்காட் வருவதற்கு முன் அது மேய்க்கால் நிலம், ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர். ஊர் மாடு ஆடெல்லாம் அங்கேதான் போகும். சுள்ளி, மூலிகை, பழம் எல்லாம் அங்கிருந்துதான் வரும். 2009, 2010 வாக்கில் அதைத் தொழிற்பூங்காவுக்கு எடுத்தபோது ஊரே திரண்டு எதிர்த்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு: அம்மா அங்கே காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை மாட்டின் பின்னால் நடந்தாள். நான் அங்கேயே எட்டு மணி நேரம் நிற்கிறேன். மூன்று பிள்ளை பெற்ற அவளுக்கும் காலில் பச்சைக் கோடுகள் உண்டு. ஆனால் வீங்கியதில்லை, கனத்ததில்லை.

ஏன் என்று ஜி.ஹெச்சில் தெரிந்தது. கும்மிடிப்பூண்டி லோக்கல் மூர்மார்க்கெட்டில் நின்றதும் சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. தோல் டாக்டர், சர்க்கரை டாக்டர், எலும்பு டாக்டர் என்று எல்லாரையும் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அங்கே போய்ச் சேருகிறோம்.

டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் அறையில் என்னை ஒரு சின்ன மேடைமேல் நிற்க வைத்து, உடம்புப் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றச் சொன்னார்கள். தொடையின் உள்பக்கம் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார் அந்த டாக்டர் அம்மா. இன்னொரு கையால் என் கெண்டைச் சதையை ஒரு பிடி பிடித்தார். இயந்திரத்தில் 'ஷ்ஷூ' என்று ஒரு இரைச்சல், திரையில் நீலம் பாய்ந்தது. "ரத்தம் மேலே போச்சு, கேட்டீங்களா?" பிடியை விட்டார். இப்போது சத்தமே இருக்கக் கூடாதாம். எனக்கோ மறுபடி இரைச்சல் கிளம்பி, நீண்டு, மெதுவாகத் தேய்ந்தது. திரையில் சிவப்பு. மேலே போன ரத்தம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அரை விநாடிக்கு மேல் இப்படித் திரும்பி ஓடினால் வால்வு கெட்டுவிட்டது என்பது கணக்கு. "உங்களுக்கு மூணு விநாடியைத் தாண்டுது தம்பி" என்றார். பதினோரு வருஷ நிற்பு எனக்கு அந்தச் சத்தமாகத்தான் கேட்டது.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஃபுட் வால்வு லீக். ஃபுட் வால்வு நன்றாக இருந்தால் மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் ஏறிய தண்ணீர் அப்படியே நிற்கும். கெட்டுப்போனால் சொட்டுச் சொட்டாகக் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலின் சிரைகளில் இந்த மாதிரி வால்வுகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டு மெல்லிய இதழ். ரத்தம் மேலே போக வழிவிடும், கீழே இறங்க வந்தால் மூடிக்கொள்ளும்.

மோட்டார் எது? இதயம் என்றுதான் நானும் நினைத்தேன். இதயம் தள்ளுகிற வேகமெல்லாம் கால் விரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. அங்கிருந்து மூன்று நாலு அடி உயரம் ரத்தத்தை ஏற்றுகிற மோட்டார் கெண்டைச் சதை. நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது அந்தச் சதை இறுகி, உள்ளே இருக்கும் ஆழமான சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. அடுத்த அடி, அடுத்த பிழிவு. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்கத் தொடங்கியதும் அது 30-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அம்மாவின் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் இதுதான். அவள் மோட்டார் நாள் முழுக்க ஓடியது. என்னுடையது நின்றுபோய், தண்ணீர் முழுக்க ஃபுட் வால்வு மேல் உட்கார்ந்திருந்தது. நாளாக ஆகச் சிரை விரிந்து, இதழ்கள் ஒன்றோடொன்று சேர முடியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் சொன்னார்கள். உடம்பிலுள்ள சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கும். தமனி கால்வாய் என்றால் சிரை ஏரி. எங்கள் ஊருக்கு இது எளிதில் விளங்கும். கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து 380 கோடி ரூபாயில் நீர்த்தேக்கம் கட்டி, 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள். அரை டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும், சென்னையின் குடிநீருக்கு ஐந்தாவது தேக்கம். தேவைப்படும்போது திறந்துவிடத்தானே தேக்கிவைக்கிறோம்? சிரையும் அப்படித்தான். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. உடனே சிரைகள் இறுகி, சதை பிழிந்து, அதை மேலே அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடப் பிரேயரில் பார்த்திருப்பீர்கள். வெயிலில் அட்டென்ஷனில் நின்ற பையன் திடீரென்று சாய்வான். "காலையில சாப்பிடாம வந்திருப்பான்" என்பார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தவனும் சாய்வான். ரத்தம் காலில் தேங்கிவிட்டது, மூளைக்குப் போதவில்லை. தரையில் படுத்ததும் தெளிந்துவிடுவான்.

வால்வை நம் கையிலேயே பார்க்கலாம். வீட்டில் செய்து பாருங்கள். கையைத் தொங்கவிட்டு, முழங்கைக்கு மேலே ஒரு துண்டை லேசாகக் கட்டுங்கள். முன்கையில் சிரைகள் எழும்பும், நடுநடுவே சின்ன முடிச்சுகள் தெரியும். முடிச்சு இருக்கும் இடம் வால்வு. கீழே ஒரு விரலால் சிரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அதை மேல்நோக்கி நீவி அடுத்த முடிச்சைத் தாண்டுங்கள். நடுத்துண்டு காலியாகிப் பள்ளமாகவே இருக்கும், மேலிருந்து ரத்தம் இறங்காது. கீழ் விரலை எடுத்தால் சட்டென்று நிரம்பும். 1603-இல் இத்தாலியின் பதுவா நகரில் ஃபாப்ரிசியஸ் என்ற ஆசிரியர் இந்த வால்வுகளைப் பற்றி எழுதினார். ரத்தம் மொத்தமாகக் காலுக்கு இறங்கிவிடாமல் தடுக்கும் தடுப்பு என்றுதான் அவர் நினைத்தார். அவரிடம் படித்த இங்கிலாந்துக்காரர் வில்லியம் ஹார்வி, 1628-இல் இந்த விரல் சோதனையைப் படம் போட்டுக் காட்டி, ரத்தம் ஒரே திசையில் சுற்றிவருகிறது என்று நிலைநாட்டினார். என் மகளுக்குச் செய்து காட்டினேன். அவள் வகுப்பு முழுக்கக் கையில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு திரிந்தார்களாம்.

இப்போது பயமான ஒரு சம்பவம். எங்கள் செக்‌ஷனில் ஐம்பது வயது அண்ணன் ஒருவர். கணுக்காலில் நாவற்பழம் மாதிரி ஒரு புடைப்பு, மேல்தோல் மெலிந்து பளபளவென்று இருக்கும். ஷிப்ட் முடிந்து குழாயடியில் கால் கழுவும்போது நகம் பட்டதோ என்னவோ, அது வெடித்துக்கொண்டது. ரத்தம் பீய்ச்சி அடித்தது. வலியே இல்லை என்றார், அதுதான் எங்களை இன்னும் கலக்கியது. தரையெல்லாம் சிவப்பு. பதறிப்போய் ஒருவன் துண்டை எடுத்து முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். ரத்தம் நிற்கவில்லை, அதிகமானது. இன்னொருவன் அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டிருந்தான்.

ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் சிஸ்டர் ஓடிவந்து முதலில் அந்தத் துண்டை அவிழ்த்தார். "கீழே படுங்கண்ணே, தரையிலேயே படுங்க." நாற்காலியை இழுத்து அவர் குதிகாலை அதன்மேல் தூக்கி வைத்தார். வெடித்த இடத்தில் பஞ்சை வைத்துக் கட்டை விரலால் ஒரே அழுத்து. அரை நிமிஷத்தில் பீய்ச்சல் நின்றது. பத்து நிமிஷம் விரலை எடுக்கவே இல்லை. அப்புறம் கட்டுப் போட்டுப் படுத்த வாக்கிலேயே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பிறகு சிஸ்டர் விளக்கினார்: மேலே கட்டினால் தமனி வழியாக வருகிற ரத்தம் வந்துகொண்டே இருக்கும், திரும்பிப்போகிற வழி மட்டும் அடைபடும். அதனால் ஓட்டை வழியாக இன்னும் வேகமாகக் கொட்டும். படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, அந்த இடத்திலேயே அழுத்த வேண்டும். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வையுங்கள். காலில் இப்படிப் புடைப்பு இருக்கும் வயதானவர்கள் வீட்டில் தனியாக இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

ஊத்துக்கோட்டை பக்கம் பரோட்டா மாஸ்டராக இருந்த என் தாய்மாமன் கதை வேறு. கல்லு முன்னால் முப்பது வருஷம் நின்றவர். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே முதலில் அரிப்பு, பிறகு தோல் கறுத்தது, பிறகு அந்த இடம் கட்டை மாதிரி இறுகியது. ஒருநாள் கொசு கடித்த இடத்தைச் சொறிந்தார், புண்ணானது. மூன்று வருஷம் ஆறவில்லை. மஞ்சள் வைத்தார், மாத்திரைக் குப்பியை உடைத்துத் தூளைக் கொட்டினார். எல்லாரும் "சர்க்கரைப் புண்ணு, காலை எடுத்துடுவாங்க" என்று பயமுறுத்தியதால் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

அது சிரைப்புண். திரும்பிப்போக முடியாத ரத்தம் நாட்கணக்கில் அழுத்தி, நுண்குழாய்களிலிருந்து கசிந்து, சிவப்பணுக்களின் இரும்புச்சத்து தோலில் படிகிறது. கறுப்பு அங்கிருந்துதான் வருகிறது. அந்தத் தோலுக்கு ஊட்டம் போவதில்லை. கிழிந்தால் கூடுவதில்லை. புண்ணுக்கு மேலே எதைத் தடவினாலும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், கோளாறு புண்ணில் இல்லை, அதற்குப் பின்னால் தேங்கியிருந்த ரத்தத்தில். மாமாவுக்குச் செய்த வைத்தியத்தைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை. புண்ணைக் கழுவி, விரலடியிலிருந்து முட்டி வரை அடுக்கடுக்காகக் கட்டுத்துணி, கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகக் கொஞ்சம் தளர்வாகவும். வாரம் ஒருமுறை பிரித்துப் புதுக்கட்டு. அதோடு நடக்கச் சொன்னார்கள். மூன்று வருஷம் ஆறாதது நான்கு மாசத்தில் மூடிக்கொண்டது. அதன்பிறகு சிரைக்கு ஆபரேஷன் செய்தார்கள். கட்டுவதற்கு முன் பாதத்தில் நாடி ஓடுகிறதா என்று பார்த்ததைக் கவனித்தேன். புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் சிலருக்குத் தமனியே அடைத்திருக்கும். அவர்கள் காலை இறுக்கிக் கட்டினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். அதனால் கடையில் பார்த்து ஸ்டாக்கிங்ஸை நீங்களாக வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இதுவரை சொன்னது தோலுக்குக் கீழே இருக்கும் சிரைகளின் கதை. சதைக்குள் ஆழமாக ஓடும் சிரையில் ரத்தம் கட்டியாக உறைவது இதைவிட ஆபத்தானது. பொன்னேரிப் பக்கம் எங்கள் உறவுப் பெண் ஒருத்திக்குச் சிசேரியன் ஆகிப் பத்தாம் நாள் இடது கால் மட்டும் தொடை வரை வீங்கியது. பிள்ளை பெற்ற உடம்பு, நீர் கோத்திருக்கிறது என்று பாட்டி விளக்கெண்ணெய் காய்ச்சி நீவிவிடப் போனார். வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர்தான் "கை வைக்காதீங்க பாட்டி" என்று தடுத்து உடனே அனுப்பினார். ஸ்கேனில் உறைகட்டி. கட்டி அங்கேயே இருந்தால் கால்தான் வீங்கும். ஒரு துண்டு கழன்று ரத்தத்தோடு இதயம் போய் நுரையீரலை அடைத்தால் நின்ற நிலையில் உயிர் போய்விடக்கூடும். நீவுவது அதற்கு வழிகாட்டுவது மாதிரி. பிரசவம், பெரிய ஆபரேஷன், மாவுக்கட்டு, புற்றுநோய், நாள்கணக்கில் படுக்கை, கால் மடக்கிய நீண்ட பயணம் இவற்றுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால், கெண்டையில் வலியும் சூடும் இருந்தால், அன்றைக்கே போங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108. இடது கால் என்பதற்கும் காரணம் உண்டு: அடிவயிற்றில் இடப்பக்கச் சிரை மேல் ஒரு தமனி குறுக்கே ஏறிப் போகிறது, கர்ப்பத்தில் அந்த இடம் இன்னும் நசுங்கும். அவள் ஆறு மாசம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறாள்.

சிரைக் கோளாறு காலோடு முடிவதில்லை. விதைப்பைக்குள்ளே புழுக்கொத்து மாதிரி சிரை புடைத்துக் குழந்தையின்மைக்குக் காரணமாவதுண்டு. வெட்கப்பட்டு யாரும் காட்டுவதில்லை. குடியால் கல்லீரல் சுருங்கினால், குடலிலிருந்து அதற்கு வரும் பெரிய சிரையில் ரத்தம் நெரிசலாகி, உணவுக்குழாயின் கீழே சிரைகள் புடைத்து நிற்கும். ஒருநாள் அவை வெடித்து ரத்த வாந்தி வரும். எங்கள் தெருவிலேயே இரண்டு பேரை அப்படித்தான் இழந்தோம்.

என் காலுக்கு வருகிறேன். தொடை இடுக்கில் பெரிய சிரை ஆழச்சிரையில் சேரும் இடத்தில் கட்டி, முட்டி வரை அதை உருவி எடுப்பது பழைய முறை. அதில் சிரையைக் கட்டுவதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் மருத்துவர் டிரெண்டலன்பர்க் பரவலாக்கினார். இப்போது ஊசித் துளை வழியாக லேசர் இழையையோ ரேடியோ அலைக் கம்பியையோ உள்ளே செலுத்தி, சூட்டில் சிரையை மூடிவிடுகிறார்கள். நுரை மருந்து ஏற்றி மூடுவதும் உண்டு. யாருக்கு எது என்பதை ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். எனக்குக் கட்டி உருவும் ஆபரேஷன். "குழாயையே எடுத்துட்டா ரத்தம் எது வழியா போகும் டாக்டர்?" என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்வியாம். காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழச்சிரைகள் வழியாகத்தான் போகிறது. கெட்டுப்போன மேல்சிரை அதற்கு உதவாதது மட்டும் இல்லை, ரத்தத்தைத் திருப்பியும் அனுப்புகிறது. நல்ல நிலையில் இருக்கும் இதே சிரையைத்தான் எடுத்து இதய பைபாஸில் வைத்துத் தைக்கிறார்கள். 1967-இல் அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ அமெரிக்காவில் அதைச் செய்து பரவலாக்கினார். தைக்கும்போது தலைகீழாகத் திருப்பித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வால்வு ரத்தத்தை மறித்துவிடும். இதைக் கேட்டு நான் படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே நடக்க வைத்தார்கள். ஸ்டாக்கிங்ஸ் மாட்டுவது மட்டும் ஒரு வேலைதான். கட்டிலிலிருந்து கால் இறக்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும், இறக்கினால் ரத்தம் இறங்கிவிடும். குதிகால் வரை உட்புறம் வெளியே திருப்பி, விரலை நுழைத்து, குதிகாலைச் சரியான இடத்தில் உட்கார வைத்து, பிறகு சுருக்கமில்லாமல் மேலே ஏற்ற வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் அதுவே கயிறு மாதிரி இறுக்கும். சித்திரை வெயிலில் சேஃப்டி ஷூவுக்குள் அது கொதிக்கும். ஆனால் சாயங்காலம் கால் இருக்கிற லேசைப் பார்த்தால் மறுநாளும் மாட்டத் தோன்றும்.

லைனுக்குத் திரும்பியதும் ஸ்டூல் கேட்டேன். "உக்காந்தா தூக்கம் வரும்பா" என்றார் சூப்பர்வைசர். கோபம் வந்தது. ஏனென்றால் அதற்குள் படித்திருந்தேன்: நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தார்கள். கடைகளுக்கு அது வர எழுபது வருஷம் ஆனது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள், தையற்காரர் விஜி முன்னின்று நடத்திய உட்காரும் போராட்டத்தில் ஜெயித்தார்கள், 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947 கடைகள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து இருக்கை கட்டாயம் என்றது. தி.நகர் துணிக்கடைக்குப் போனால் இப்போது நான் முதலில் பார்ப்பது அந்தப் பெண்களின் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்றுதான்.

ஜி.ஹெச் டாக்டரின் சீட்டோடு மறுபடி போய் நின்றேன். எங்கள் லைனில் பதினான்கு பேருக்கு மூன்று ஸ்டூல் வந்தது. முறை வைத்து உட்காருகிறோம். உட்கார முடியாத நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குகிறோம். கெண்டைச் சதை இறுகுவது கையில் தெரியும். முதலில் சிரித்தவர்கள் இப்போது செய்கிறார்கள். ராத்திரி காலுக்கடியில் இரண்டு தலையணை. அம்மா தினமும் சாயங்காலம் என்னைத் தேக்கத்தின் கரைமேல் நடக்கக் கூட்டிப் போகிறாள். எழுபது வயதில் எனக்கு முன்னால் நடக்கிறாள்.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒடிசாத் தம்பி, இருபத்தாறு வயது இருக்கும், சாக்ஸை இறக்கி ஒரு காலைக் காட்டினான். உள்கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்து, சொறிந்த கோடுகள். படர்தாமரை என்று ஆறு மாசமாகக் களிம்பு தடவுகிறானாம். விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. கொஞ்சம் மேலே, முட்டிக்குக் கீழே, கொடி படரத் தொடங்கியிருந்தது. இன்னும் புண் இல்லை.

"நரம்பா அண்ணா?" என்று தமிழில் கேட்டான். அந்தச் சொல்லை எங்களிடம்தான் கற்றிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இருக்காது, உன் வீக் ஆஃபைச் செவ்வாய்க்கு மாற்றிக் கேள், நானும் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். ஆதார் அட்டை, ஒரு நோட்டு, தண்ணீர் பாட்டில். கும்மிடிப்பூண்டியில் முதல் லோக்கல். டிக்கெட் கவுன்டர் முன்னால் நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். நிற்காதே, உள்ளே பெஞ்ச் இருக்கிறது, உட்காரு என்று சொல்லியிருக்கிறேன்.